ஜன்னலோரச் சாய்வு நாற்காலி

என் உயிர் இருக்கும்வரை அந்தச் சாய்வு நாற்காலி வாசலைத் தாண்டாது என்று சபதம் போட்டேன். சத்தமாக அல்ல. வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தாள்.

நான் பஸ் டிரைவர். பகலெல்லாம் உட்கார்ந்து ஓட்டுவேன். வீட்டுக்கு வந்தால், உட்கார்ந்த களைப்புத் தீர ஜன்னலோரம் சாய்வேன். அந்த ஜன்னல் வெளிச்சம் வீட்டுக்காரியின் தையல் மெஷினுக்கு வேண்டுமாம். நாற்காலியை விற்க ஆள் பார்த்துவிட்டாள்.

மகள் போனை வைத்துவிட்டுக் கத்தினாள். "அம்மா, ப்ராஸ்பெக்டிவ் பையர் இப்போ வர்றாராம்!"

"அது என்னம்மா பையர், டயர் மாதிரி?"

"வாங்குற ஆளுப்பா."

"முன்னால என்னமோ ஒட்டிக்கிட்டு வந்துச்சே?"

"ப்ராஸ்பெக்டிவ். இன்னும் வாங்கல, வாங்கக்கூடும். பேசி முடிக்காத மாப்பிள்ளைக்குக்கூட சொல்லலாம்."

"அப்போ வாங்காமலும் போகலாம்?"

"தாராளமா."

இங்கிலீஷில் இவ்வளவு நல்ல வார்த்தை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போச்சே!

வந்தவர் சலூன்காரர். கடையில் போட நாற்காலி தேடினார். அவர் வாய் திறக்குமுன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இதுல சாஞ்சுதான் என் முதுகு இப்படி ஆச்சு. உட்கார்ந்தா மூட்டைப்பூச்சி கச்சேரி. கால் எப்போ கழலும்னு அதுக்கே தெரியாது."

"ஆளை விடுங்கண்ணே!" மனிதர் படியிறங்கிப் பறந்துவிட்டார்.

வெற்றியோடு திரும்பினேன். வீட்டுக்காரி கண் கலங்கி நின்றாள்.

"இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அது வந்து... அவர்கிட்ட சும்மா..."

"சும்மாவா? வீடு தேடி வந்த மனுஷன்கிட்ட பொய்யா சொன்னீங்க? அதுவும் பொண்ணு முன்னாடி?"

ஆமாம் என்றால் மானம் போச்சு. இல்லை என்றால் நாற்காலி போச்சு.

"வலிதான்," என்றேன்.

"பாவம்," என்று முதுகைத் தடவினாள். தடவிய கையாலேயே தெருவைப் பார்த்து ஜாடை காட்டினாள். பழைய சாமான் வண்டிக்காரர் வாசலில்தான் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாற்காலி வண்டியேறியது. மெஷின் ஜன்னலோரம் வந்தது.

"முதல் தையல் உங்களுக்குத்தாங்க."

"சட்டையா?"

"மெத்தை. உங்க முதுகுக்கு இதமா, புது நாற்காலியில போட."

மனசு குளிர்ந்துபோச்சு. "நாற்காலி எப்போ வருது?"

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். "அது ப்ராஸ்பெக்டிவ் நாற்காலிங்க."

மெத்தை அருமையாக வந்திருக்கிறது. தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.