நாற்பத்தொன்றாம் சாவி

"நாப்பத்தொண்ணு எந்தப் பூட்டோட சாவி?" என்று மேலாளர் கேட்டதும் ஸ்டோர் கீப்பர் பதிவேட்டைப் புரட்டினார்.

அன்று அவர் ஓய்வுபெறும் நாள். சாவிப் பலகையில் நாற்பத்தொரு கொக்கிகள், நாற்பத்தொரு சாவிகள். பதிவேட்டில் நாற்பது சாவிகளுக்கு நேரே பூட்டின் விவரம் இருந்தது. கடைசிச் சாவிக்கு நேரே வெறும் கோடு. பதினெட்டு வருஷமாக அந்தக் கோட்டை அவர் ஏன், எதற்கு என்று கேட்டதே இல்லை.

"எனக்கு முன்னாடி இருந்தவர் குடுத்துட்டுப் போனது சார். பத்திரம்னு மட்டும் சொன்னார்."

"பூட்டைக் காட்டுங்க. விடுவிப்பு உத்தரவுல உடனே கையெழுத்துப் போடுறேன்."

ஆறு மணிக்கு ரயில். மகளுக்குத் தலைப்பிரசவம், இன்றோ நாளையோ என்றிருந்தது. மனைவி மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். முன்னவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை.

சாவியோடு கதவு கதவாக அலைந்தார். அது சாவி மாதிரியே இல்லை. பல் கிடையாது. இரண்டு பக்கமும் அம்மைத் தழும்பு போலக் குழிகள், நுனியில் உருளும் ஒரு குட்டி இரும்புக் குண்டு. எதிலும் நுழைய மறுத்தது, மேலாளரின் பீரோவில் மட்டும் கொஞ்சம் அழுத்தியதும் நுழைந்தது. நுழைந்தது, அவ்வளவுதான். திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

"என்னங்க பண்ணி வச்சீங்க? ஆபீஸ் சீல் உள்ளே இருக்கு! சீல் இல்லாம எந்த உத்தரவு போடுறது?"

பூட்டுக்காரர் வரவழைக்கப்பட்டார். பீரோவின் பூட்டைக் குடைந்து எடுத்து, சாவியை உருவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"சார், இது லேசுப்பட்ட சாவி இல்ல. இந்தக் குண்டு உருண்டாத்தான் பூட்டே அசையும். மாத்துச் சாவி போட எவனாலயும் முடியாது. பெட்டக அறைக் கதவுக்குத்தான் இதெல்லாம் போடுவாங்க."

மேலாளரின் கண்கள் விரிந்தன. "அப்போ நம்ம கட்டடத்துல பெட்டக அறை இருக்கு! எங்கேங்க அது?"

"எனக்கெப்படி சார் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா சாவி உங்க கையில. பெட்டகம் கிடைக்கிற வரைக்கும் நீங்க எங்கேயும் நகரக் கூடாது."

மனைவி போனில் கத்தினாள். "இன்னும் கிளம்பலையா? அவளுக்கு வலி எடுத்துடுச்சாம்!"

ஸ்டோர் கீப்பர் போனை வைத்துவிட்டு ஓடினார். ஸ்டோர் ரூம் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் டொக் டொக்கென்றது.

"இங்கேதான் சார்!"

ஆர்வக்கோளாறில் மேலாளரே ஸ்டோரில் கிடந்த சம்மட்டியை எடுத்துப் போட்டார் ஒரு போடு. செங்கல் விழுந்தது. பின்னால் பெட்டகம் இல்லை. கழிவறை இருந்தது, அதற்குள் அலறியபடி துணை மேலாளர் இருந்தார். உடைந்த குழாயிலிருந்து பீறிட்ட தண்ணீர் பதிவேடுகளைக் குளிப்பாட்டியது.

பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த பழைய ஸ்டோர் கீப்பர், கையில் பரிசுப் பொட்டலத்தோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். இவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, நாப்பத்தொண்ணோட பூட்டு எங்கண்ணே?"

அவர் இடிந்த சுவரையும் நனைந்த மேலாளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பூட்டு ஏதுப்பா? நான் ரிட்டயரான அன்னிக்கு ஒரு கொக்கி காலியா இருந்துச்சு, சாவி இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. எதிர்த்தாப்புல பழைய சாமான் கடையில பகட்டா ஒரு சாவி தொங்கிச்சு, வாங்கி மாட்டிட்டுப் போயிட்டேன்!"