லோனப்பன் தலை மீட்ட படலம்

மின்சாரமே, இன்றொரு நாளாவது நடுவில் போகாதிரு என்று முதற்கண் உன்னைத் தொழுது, ஒல்லூர் அங்காடித் தெருவுக்கு அணிகலனாம் பெத்லகேம் ஸ்டூடியோவின் தனிப்பெருந்தலைவனும், மணமேடைகளின் மாவேந்தனும், மூன்று ஸ்டாண்டுகளுக்கும் ஒரே ஒரு காமிராவுக்கும் உரிமை பூண்டவனும், ‘எனக்குத் தெரியாத பட்டன் இந்த உலகத்தில் இல்லை’ என்று மீன்கடை வரிசையிலும் நின்று முழங்கியவனுமாகிய செருக்குமிகு பொறிஞ்சுவின் வீரம் பாடப் புகுகின்றோம். வாழ்க அவன் கொற்றம்! வளர்க அவன் தொந்தி! இரண்டில் தொந்தி மட்டும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

இலக்கண நூலார் மண்ணாசையையும் பெண்ணாசையையும் போருக்குக் காரணமாகக் கூறுவர். ஒல்லூர்ப் போருக்கோ காரணம் ஒரு தலை. அரிசி மண்டி அதிபனும், ஆறடி உயரத்தினனும், தும்மினாலும் தெரு திரும்பிப் பார்க்கும் தொண்டையினனுமாகிய லோனப்பன், தன் செல்வமகள் ஜாஸ்மிக்குப் பள்ளி என்று ஊரார் சொல்லும் மாதா கோயிலில் மனசம்மதம் என்னும் நிச்சயதார்த்தம் முடித்து, அதைப் படமாக்கும் பெரும்பணியைப் பொறிஞ்சுவிடம் ஒப்படைத்திருந்தான். பொறிஞ்சுவும் எடுத்தான், வெட்டினான், ஒட்டினான், சிடியாக்கிக் கொடுத்தான். லோனப்பன் வீட்டு முன்னறைச் சுவரிலோ, துபாயிலிருந்து மகன் அனுப்பிய அகன்ற டிவி, கல்யாணப் பந்தி வாழையிலைபோல் நீண்டு கிடந்தது. அதில் படம் ஓடிய கணத்தில் குட்டையர் எல்லாம் நெற்றியை இழந்தனர்; நெட்டையர் தலையையே இழந்தனர்; எல்லோரினும் நெட்டையனான லோனப்பன், மீசைக்கு மேல் ஒன்றுமே இல்லாதவனாய்த் தன் மகளின் மனசம்மதத்தில் நின்றான்.

அவ்வளவுதான். மண்டியிலிருந்து எழுந்தது முழக்கம்.

“எடா பொறிஞ்சு! பாதிரியாரோட தாடி இருக்கு, மேசை மேல கேக் இருக்கு, கேக்ல உட்கார்ந்த ஈகூட இருக்கு. என் தலை எங்கடா? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படம் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள என் தலை வரலேன்னா, கல்யாணத்துக்கு எதிர்க்கடை டேவிஸ்தான் காமிரா தூக்குவான். சொல்லிட்டேன்!”

கேட்ட பொறிஞ்சு கணக்குப் போட்டான். இரண்டு பேண்டு செட்டும் நான்கு வகை இறைச்சியுமாக நடக்கவிருக்கும் கல்யாணம் அது. அதை இழப்பதுகூடப் பொறுக்கலாம். டேவிஸிடம் இழப்பதைப் பொறுக்கவே முடியாது. ‘அகலப் படமெல்லாம் ரெண்டு நாள் கூத்து, எங்கிட்ட இருக்கிற காமிரா என் பேரன் காலத்துக்கும் போதும்’ என்று முடிவெட்டும் கடையில் டேவிஸ் காதுபடவே பொறிஞ்சு பேசியிருந்தான். டேவிஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு பொறிஞ்சுவின் காதிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

அவன் மனைவி ரோசிலி, கறிக்கு வெங்காயம் உரித்தபடியே ஒரு சொல் சொன்னாள்.

“மனுசா, முதல்ல போயி அந்த டிவிய ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன்.”

“டிவியிலயா தப்பு? அடி, அது துபாய் சாமான்! தப்பெல்லாம் என் பழைய சாப்ட்வேர்லதான்!”

இவ்வாறு தீர்ப்புரைத்த அறத்தின் செல்வன், ஆண்டாண்டுக் காலம் தனக்குச் சோறு போட்டதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாக நடக்கும் அளவுக்குப் பழகியதும், ஒரு நாளும் எதிர்த்துப் பேசாததுமான அந்தப் பழைய எடிட்டிங் சாப்ட்வேரை, விசாரணையும் இன்றி விடைபெறலும் இன்றிக் கணினியிலிருந்து நாடு கடத்தினான். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட புதியதொன்றை அரியணை ஏற்றினான். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பான். பொறிஞ்சு கூடத்தையே இடித்துக் கட்டினான்.

புதிய சாப்ட்வேரோ கருங்குகை. இடப்புறம் இருந்தவை வலப்புறம் பதுங்கின. பெயர் தெரிந்தவை வேறு பெயர் பூண்டு முகம் திருப்பின. பழைய பழக்கத்தில், வெட்டுவதற்கென்று அவன் சுட்டுவிரலால் ஓர் எழுத்தை ஓங்கி அடிக்க, இங்கே அது மறைக்கும் எழுத்தாயிருந்தமையால், மோதிரம் மாற்றும் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை மாயமானான். ஜாஸ்மி வெறுங்காற்றுக்கு விரல் நீட்டி வெட்கப்பட்டாள். மாப்பிள்ளையை மீட்க ஒரு பகல் கழிந்தது. மீட்டபோது அவன் ஊமையாகி வந்தான்.

ஆயினும் சளைத்தானா பொறிஞ்சு? சளைத்திருந்தால் ரோசிலி சொன்னதைக் கேட்டிருப்பான்.

காமிராவோ சதுரம், டிவியோ நீளம். இரண்டுக்கும் சமரசம் காண, மூன்று திசையில் படையெடுத்தான். முதற்படையெடுப்பில் படம் முழுதாய் அமைந்தது, தலைகள் தழைத்தன, ஆனால் இருமருங்கும் இரண்டு கரும்பட்டைகள் காவல்நின்றன. தேநீர் கொண்டுவந்த ரோசிலி, கோப்பையை வைக்காமலே சிலுவை போட்டாள்.

“கர்த்தாவே! யாரு செத்தது?”

ஒருவர் மாண்டால் முக்குக்கு முக்கு கறுப்புக்கொடி ஏறும் ஊரில், மனசம்மதப் படத்துக்குக் கறுப்புக் கரை கட்டினால் லோனப்பன் மண்டியின் தராசுக்கல்லை எடுத்து வருவான் என்பதைப் பொறிஞ்சு உணர்ந்தான். இரண்டாம் படையெடுப்பில் படத்தைப் பிடித்து இருபுறமும் இழுத்தான். கறுப்பு ஒழிந்தது, கலியாணமும் ஒழியப் பார்த்தது. கொடியிடை ஜாஸ்மி அப்பனுடைய மண்டியின் குருணை மூட்டையானாள். சும்மாவே ஆட்டோவில் தனியாகப் போகிற மாப்பிள்ளையின் அம்மா கொச்சன்னம், திரையின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடியில் முடிந்தாள். மூன்றாம் படையெடுப்பில் படத்தைப் பெரிதாக்கினான். போன தலைகள் மறுபடியும் போயின.

வென்றானில்லை, உண்டானில்லை, குளித்தானுமில்லை. கடைசியில், பள்ளிப் பெருநாள் ஊர்வலத்தில் தானே எடுத்த முத்துக்குடைகள் அவன் நினைவில் வந்தன. பொன்னிழை தொங்கும் அக்குடைகளில் ஒன்றை இடக் கரும்பட்டை மேலும் ஒன்றை வலக் கரும்பட்டை மேலும் நட்டான். துக்கம் திருவிழாவாயிற்று! “டேவிஸே! வந்து பாருடா, இதுக்குப் பேர்தான் எடிட்டிங்!” என்று சாலைக்கு அப்பால் கேட்கும்படி ஆர்ப்பரித்தான். டேவிஸ் கடையில் இல்லை.

ஞாயிறும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அப்பமும் ஸ்டூவும் உண்டு அமர்ந்தனர். லோனப்பன் நடுநாயகமாய் வீற்றிருந்தான். வெள்ளைச் சட்டையில் விறைத்து நின்ற பொறிஞ்சு சிடியை இட்டான்.

திரையில் முத்துக்குடைகளின் காம்பு தெரிந்தது. பாதிரியாரின் தாடி தெரிந்தது. லோனப்பன் தலை இல்லை.

கட்டிய கோட்டை, நட்ட குடை, ஒழித்த சாப்ட்வேர் எல்லாம் பொறிஞ்சுவின் கண்முன் சுழல, டேவிஸின் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்போது லோனப்பனின் மனைவி த்ரேஸ்யா, மடியில் கிடந்த ரிமோட்டைத் தேடி எடுத்தாள்.

“அது நான் செஞ்சதுதான். இந்த டிவி வந்த நாள்ள இருந்து சீரியலுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் கறுப்பா நின்னுச்சு. கல்யாணம் நடக்கப்போற வீட்ல கறுப்பு ஆகாதுன்னு ஜூம் போட்டு வச்சேன். நியூஸ் படிக்கிறவனுக்கே இங்க தலை கிடையாதே, நீங்க கவனிக்கலையா?”

அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். உலகத்தில் பொறிஞ்சுவுக்குத் தெரியாத பட்டன் அது ஒன்றுதான்.

குடைகள் விரிந்தன. தலைகள் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக லோனப்பனின் தலை, குறையேதுமின்றி, உச்சிவரை, ஊர் காண எழுந்தது. பள்ளிக்குள் சுழன்ற பெரிய ஃபேனின் காற்றில், இடக்காதோரம் வளர்த்து வலக்காதுவரை படியவைத்திருந்த அவனது மயிர்க்கற்றை அப்படியே நிமிர்ந்து, ஏற்றிய கொடிபோல் பட்டொளி வீசிப் பறக்க, அதன் கீழே காமிரா விளக்கின் ஒளியில் வழுக்கை, துலக்கி வைத்த வெண்கல உருளிபோல் மின்னிற்று. கொச்சன்னம் வாயைப் பொத்திச் சிரித்தாள். பொத்தியும் பயனில்லை.

லோனப்பன் எழுந்தான். பொறிஞ்சு கண்களை மூடிக்கொண்டான்.

“கல்யாணத்துக்கு நீயே வாடா பொறிஞ்சு. ஆனா முதல்ல அந்தத் தலைய எடு!”

த்ரேஸ்யா மறுபடியும் ஜூமைப் போட்டாள்.