துரை முன்னால் இறங்காத மாப்பிள்ளை

கூச்சமுள்ளவன் சத்தம் போடும் வண்டியில் ஏறக் கூடாது. இந்த உண்மை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒருவேளை ஆறாம் வகுப்பில் சொல்லித் தருகிறார்களோ என்னவோ.

நாலு பேர் சேர்ந்தாற்போல என்னைத் திரும்பிப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும். மாத்தளை டவுனில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பொம்பளைகள் சாமான் வாங்க வந்தால் தராசைப் பார்த்தே பேசுவேன். (தராசுக்கு நான் ரொம்ப மரியாதை கொடுப்பதாக முதலாளி நினைத்தார்.) அப்படிப்பட்டவன், அரை மைலுக்கு முன்பே ஊருக்கு அறிவிப்புக் கொடுக்கும் ஒரு மோட்டார்சைக்கிளில் ஏறிப் பெண் வீட்டுக்குப் போனேன். இந்த உலகச் சண்டை தொடங்குவதற்குப் பல வருஷம் முந்தைய காலம் அது. இப்போதுபோல் கூப்பன் இல்லை, பெட்ரோல் வேண்டிய மட்டும் கிடைத்தது. கெடுதலே அங்கேதான் ஆரம்பித்தது.

வண்டி என்னுடையதல்ல. என் அக்காள் புருஷன் வேலு மச்சானுடையது. லொறி ஓட்டுகிறவர். சீமைக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு துரை விட்டுவிட்டுப் போன பழைய வண்டியை, இது இனி ஓடாது என்று எல்லாரும் சொன்ன பிறகு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். பூட்டி முடித்தபோது கொஞ்சம் ஆணிகள் மிஞ்சின. “சீமைக்காரன் எப்பவும் கூடுதலாத்தான் போடுவான்” என்று சொல்லி அவற்றை ஒரு தகரத்தில் போட்டு வைத்தார். வண்டி ஓடியது.

இந்தக் காலத்து மோட்டார்சைக்கிள்களில் கியரைக் காலால் மாற்றுகிறார்கள். அதில் அப்படியில்லை. பெட்ரோல் டாங்கியின் வலப்பக்கத்தில் ஒரு கம்பி, அதன் தலையில் உள்ளங்கையில் அடங்கும் ஜம்புக்காய் அளவில் ஒரு கறுப்பு உருண்டை. அதைப் பிடித்துத் தள்ளினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் விழும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எதிலும் விழாத ஓர் இடம் உண்டு. டிரைவர்மார் அதை நியூட்டர் என்பார்கள். கம்பி அங்கே இருந்தால்தான் வண்டி உறுமிக்கொண்டே ஓர் இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் இடக்கையால் கிளச்சை இறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விட்டால் பாயும்.

அந்த நியூட்டர் எனக்கு ஒரு நாளும் அகப்பட்டதில்லை. கம்பி ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் தாவும். நடுவில் நிற்கவே நிற்காது.

“அதைத் தேடாத ராசு,” என்றார் மச்சான். “கடைக்கிட்ட வரும்போது பெட்ரோலை மூடிரு. அதுவா செத்து நிக்கும். ஆனா மலைப் பக்கம் போனா மட்டும் சாகவிடாத. சூட்டுல செத்துச்சுன்னா நீ மிதிச்சே செத்துருவ.”

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த சுப்பையாவின் மூத்த மகள் மரகதம். பெரியவர்களோடு ஒரு தடவை போய் வந்தோம். அன்றைக்கு முழுக்க நான் பேசியது “போதும்”, “போதுங்க” என்ற இரண்டே சொற்கள். பெண்ணுக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. (ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) கணக்கப்பிள்ளைதான் பிடி கொடுக்கவில்லை. “பையன் ஊமை மாதிரி இருக்கானே. நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா நாலு பேருகிட்ட வாயைத் தொறந்து பேச வேணாமா” என்று தரகரிடம் சொல்லியிருந்தார். எனக்கோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை. தராசில் இரும்பு ஆணிக்குப் பதில் படிக்கல்லையே நிறுத்துக் கொடுக்கும் அளவுக்கு முற்றியிருந்தது.

“நீ பேச வேணாம், வண்டி பேசும்,” என்றார் மச்சான். “ஞாயித்துக்கிழமை சும்மா காத்து வாங்கப் போற மாதிரிப் போ. இந்தப் பக்கமா வந்தேன், எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு நின்னேன்னு சொல்லு.”

போனேன். வண்டி பேசியது உண்மைதான். தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்களிலிருந்தும் சனம் வெளியே வந்தது. நான் மச்சான் சொன்னபடி பெட்ரோலை மூடாமல், நியூட்டரும் கிடைக்காமல், கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் கிளச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் கோட்டை மாட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு குடையும் கையுமாக வந்தார். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக மாறிப் போயிற்று.

“தம்பி ஓட்டிக்கிட்டா வந்தீங்க?”

“ஆமாங்க.”

“ஏத்தத்துல இழுத்துச்சா?”

“இழுத்துச்சுங்க.”

“அப்ப ஸ்டோர் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வருவமா?”

ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. கால் மைல்தான். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், “இந்த வயசுல ஆசையப் பாரு, எலும்பு முறிஞ்சா கொழம்பு வைக்கக்கூட ஒதவாது,” என்றார். அதற்குள் மனுஷன் பின்னால் ஏறிவிட்டார். ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், மறு கையில் வெயிலுக்குக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். கிளச்சை விட்டேன். வண்டி குடையோடு கிளம்பியது.

போகிற வழியெல்லாம் தெரிந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினார். (கையாட்டும்போது என் இடுப்பை விட்டுவிடுவார், குடையை விடமாட்டார்.) பிறகு என் காதருகில் குனிந்து, “தையில நாள் பாத்தா ஒங்க பக்கம் தோதுப்படுமா தம்பி?” என்று கத்தினார்.

என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான கத்தலை நான் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வளைவு திரும்பியது. எதிரே துரை.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து ரோட்டில் துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். குடை பிடித்தவன் மடக்க வேண்டும். தலைப்பாகை கட்டியவன் அவிழ்க்க வேண்டும். எல்லாரும் மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒதுங்கி நின்று சலாம் சொல்ல வேண்டும். பெரிய கங்காணியே குதிரையிலிருந்து இறங்கித்தான் நிற்பார். இறங்காவிட்டால் துரையின் முகம் கோணும். முகம் கோணினால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். என் விஷயத்தில் பெண்ணும் போகும்.

துரை கைத்தடியும் நாயுமாக உலாத்த வந்திருந்தார். நான் கிளச்சை இறுக்கிப் பிரேக்கை மிதித்தேன். வண்டி முழுசாக நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை குதித்துவிட்டார். குடை மடங்கி அக்குளுக்குள் போய்விட்டது. தலைப்பாகை கைக்கு வந்துவிட்டது. கான் ஓரத்தில் பத்து வருஷமாக நட்டு வைத்த கல் மாதிரி நின்றார்.

நான் இறங்கவில்லை.

இறங்க முடியவில்லை. இடக்கை கிளச்சை விடக்கூடாது. வலக்கால் பிரேக்கை விடக்கூடாது, கொஞ்சம் இறக்கம். இடக்கால் தரையை விடக்கூடாது. மிச்சம் இருந்தது வலக்கை ஒன்றுதான். அதனால் கம்பியைப் பிடித்து நியூட்டரைத் தேடினேன். ஒன்று. இரண்டு. ஒன்று. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விழும் என்று மச்சான் ஒரு தடவை சொன்ன ஞாபகம். ஆட்டினேன். (லயத்து மேட்டிலிருந்து மரகதம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு மாரியம்மன் வந்து இறங்கிவிட்டதென்று நினைத்தாளாம்.)

பெட்ரோலை மூடிச் சாகவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த யோசனையும் வந்தது. செத்தால் திரும்ப உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது காலைத் தூக்கி உதைப்பதா? இறங்காதது ஒரு குற்றம், காலைத் தூக்குவது இரண்டாவது குற்றம். ஐந்தாம் வகுப்பு மூளை அந்த இடத்தில் நின்றுவிட்டது.

துரை பத்தடி தூரத்தில் நின்றார்.

“யாரு ஆள் இது?”

கணக்கப்பிள்ளை கழுத்தை மட்டும் திருப்பினார். என்னைப் பார்த்து, உதடு அசையாமல், “எறங்குங்க தம்பி,” என்றார்.

நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

“தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், எறங்குங்க.”

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் என்னை இறக்கிவிட்டது. கிளச்சைப் பிடித்தபடியே காலைத் தூக்கிப் போட்டு ஒருவிதமாக இறங்கினேன். வண்டியை இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றேன். கம்பி ஒன்றில் இருந்தது. உறுமல் குறையவில்லை. அந்த வண்டியில் வேகத்தைக் கூட்டும் பிடி முறுக்கிய இடத்திலேயே நிற்கும், கையை எடுத்தாலும் திரும்பாது. ஆனாலும் இறங்கிவிட்டேன், பெண் பிழைத்தது என்று நினைத்தேன்.

துரை என்னை நேராகப் பார்த்தார். “எந்தத் தோட்டம் நீ?”

என் அப்பா எனக்குச் சொத்து ஒன்றும் வைக்கவில்லை. பெரிய மனுஷரைக் கண்டால் ஒற்றைக் கையால் சலாம் போடாதே, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடு என்ற ஒரு பழக்கத்தைத்தான் வைத்துவிட்டுப் போனார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச முடியாதவன் மரியாதையையாவது குறைவில்லாமல் செய்ய வேண்டும் அல்லவா?

இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

வண்டி போய்விட்டது.

ஆள் இல்லாமல் ஒரு மோட்டார்சைக்கிள் அவ்வளவு நேராகப் போகும் என்று நான் நினைத்ததில்லை. நான் ஓட்டும்போதுகூட அப்படிப் போனதில்லை. துரை கானுக்குள் குதித்தார். நாய் ரோட்டின் மறுபக்கம் குதித்தது. வண்டி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, அடுத்த வளைவில் திரும்பாமல், தேயிலைக்குள் பாய்ந்து படுத்துக்கொண்டு கத்தியது. நான் அப்போதும் கையைக் கூப்பியபடியே நின்றேன். (வேறு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.)

துரை கானிலிருந்து ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு. என்னைக் கடந்து தேயிலைக்குள் இறங்கி, பெட்ரோலை மூடினார். கத்தல் அடங்கியது. மலை முழுக்க அப்படி ஒரு நிசப்தம். பிறகு வண்டியை நிமிர்த்தி, அந்தக் கறுப்பு உருண்டையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். ஒன்று. இரண்டு. ஒன்று. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்று. இரண்டு. கழுத்து சிவந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் முயற்சி செய்தார். கடைசியில் வண்டியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு ரோட்டுக்கு ஏறி வந்தார்.

“கணக்கப்பிள்ளை.”

“தொரை.”

“இது ஒன் மருமகனா?”

நான் கூப்பிய கையை இறக்கினேன். அந்த மனுஷன் கையில் தலைப்பாகையைப் பிசைந்துகொண்டு நின்றார். யாரோ வழிப்போக்கன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேலையும் வீடும் தப்பித்துவிடும். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. இன்னும் தாம்பூலம்கூட மாற்றவில்லை. அவர் என்னைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். துரையின் காலில் இருந்த சேற்றைப் பார்த்தார்.

“ஆமாங்க தொரை,” என்றார்.

துரை காலைத் தரையில் தேய்த்துச் சேற்றை வழித்தார். “அந்த வண்டி இனித் தோட்டத்துக்குள்ள வரக் கூடாது,” என்றார். “மருமகன் வரலாம். நடந்து.”

நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது நானும் கணக்கப்பிள்ளையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவர் பேசவில்லை. நான் எப்போதுமே பேசுவதில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் மட்டும், “தொரைகிட்ட ஒரு சொல்லுச் சொல்லியாச்சு தம்பி. இனி மாத்த முடியாது. தையிலதான் நாள் பாக்கணும்,” என்றார். சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன்.

சில வருஷம் கழித்து, எங்கள் மூத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “மாமா, அன்னைக்கு ஏன் என்னைத் தெரியாதுன்னு சொல்லல?”

“சொல்லத்தான் நெனச்சேன்,” என்றார். “ஆனா தெரியாத ஆளு வண்டியில பின்னால ஒக்காந்து கொடையும் புடிச்சுக்கிட்டு ஏன் வந்தேன்னு கேட்டா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்லையே.”

கல்யாணம் தையில் தோட்டத்து வீட்டில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தோட்டத்து எல்லையில் இறங்கி நடந்தே வந்தோம். தோட்டத்தில் கல்யாணம் என்றால் துரை வந்து ஐந்து நிமிஷம் தலைகாட்டிவிட்டுப் போவது வழக்கம். வந்தார். மேளம் நின்றது. சனமெல்லாம் எழுந்து நின்றது. கங்காணி நாற்காலியைத் துண்டால் தட்டினார். துரை நேரே மணவறைக்கு முன்னால் வந்து நின்றார். நானும் எழுந்தேன். பழக்கம் யாரை விட்டது? இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

துரை சட்டென்று ஓர் எட்டுப் பக்கவாட்டில் குதித்தார்.

பெரிய துரை ஒன்றுமில்லாத இடத்தில் குதித்ததை முந்நூறு கண்கள் பார்த்துவிட்டன. சிரித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. துரை, தான் முன்பு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மரகதத்திடமிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டுத் துரையே சிரித்துவிட்டார். அப்புறம் கங்காணி சிரித்தார், மாமா சிரித்தார், மேளக்காரர் வாசிக்க முடியாமல் சிரித்தார். நான் மட்டும் கையைக் கூப்பியபடி நின்றேன்.

இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மாத்தளைக் கோயிலில் தேர் வரும்போது கூட்டத்தில் நான் கையைத் தூக்கினால் போதும், மரகதம் எனக்கு முன்னால் நிற்பவர்களின் தோளைத் தொட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள்:

“கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. எங்க வீட்டுக்காரரு கும்பிடப் போறாரு.”