சிரிக்காதே என்று சொன்னதற்கு ஒரு விளக்கம்

பேரன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், என்மேல் கோபமாகவும் இருப்பீர்கள். வந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். பெயின்ட் கம்பெனியில் என்னைக் கிடங்கு மேனேஜராக்கி வீடும் காரும் கொடுத்தார்கள் அல்லவா? கொடுத்த கையோடு சம்பளக் கணக்குப் பார்ப்பவர் (காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் ஆபீஸில் அவருக்குப் பென்சில் என்றே பெயர்) என்னைக் கூப்பிட்டு, "சார், இதெல்லாம் சும்மா இல்ல. நீங்க அனுபவிக்கிற சலுகைக்கெல்லாம் வரி உண்டு" என்றார். நான்தான் எதையும் நுணுக்கமாகக் கேட்பவன் ஆயிற்றே! அனுபவித்தால்தானே வரி, அனுபவிக்காவிட்டால் கிடையாது என்று அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நாங்கள் எதையும் அனுபவிக்கவில்லை. பால்கனியில் நல்ல காற்று வரும், அதனால் கதவைச் சாத்திவிட்டேன். மெத்தென்ற சோபாவில் ஓரமாக மட்டும் உட்கார்ந்தோம். காரில் பாட்டு கிடையாது, பல்வலிக்காரர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்வந்தோம். எதிர்வீட்டுக்காரர் "வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டால், "ஏதோ இருக்கோம்" என்று சலித்துக்கொள்வேன், அவர் யாரிடம் போய்ப் போட்டுக்கொடுப்பாரோ, யார் கண்டது? இந்த நேரம் பார்த்து நீ வந்தாய். வந்தவள் பால்கனிக் கதவைத் திறந்து, "அடேய், கொடுத்து வச்சவன்டா நீ!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாய். கீழே பென்சில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "சிரிக்காதே அக்கா, வாயை மூடு!" என்றுவிட்டேன். என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் சொல்லுகிற பேச்சா அது? காலையில் "வேலை கிடக்குடா" என்று நீ கிளம்பிவிட்டாய்.

நேற்று சம்பளச் சீட்டைப் பார்த்தால், வீட்டுக்கும் காருக்கும் வரி பிடித்திருக்கிறார்கள். பென்சிலிடம் ஓடினேன். "ஒரு நாள்கூட சந்தோஷமா இருந்ததில்ல சார், வேணும்னா என் வீட்டுக்காரியக் கேளுங்க" என்றேன். காதிலிருந்த பென்சில் கீழே விழும்வரை அவர் சிரித்தார். "வீட்டோட மதிப்புக்குத்தான் சார் வரி. நீங்க சிரிச்சாலும் அதேதான், அழுதாலும் அதேதான்."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, அக்கா! வரி போனால் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் கதவையெல்லாம் திறந்துபோட்டு, சோபாவில் காலை நீட்டிப் படுத்துவிட்டேன். ரொம்ப நன்றாக இருக்கிறது. நீ இல்லாததுதான் குறை. என் நாக்கை மன்னித்து, அத்தானையும் கூட்டிக்கொண்டு வா.

அத்தானுக்கு வணக்கம். உன் ஆசியோடு, கொஞ்சம் திட்டையும் எதிர்பார்க்கும்,
உன் அருமைத் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போதுதான் இவள் வாயைத் திறக்கிறாள். "அண்ணி கோவத்துல போனாங்கன்னு யார் சொன்னது? அன்னிக்கே வரி விஷயத்த நான் சொல்லிட்டேன். 'எனக்குச் சிரிப்ப அடக்கத் தெரியாதும்மா, நான் இருந்தா தம்பிக்கு வரி ஏறிடும்'னுதான் கிளம்பினாங்க" என்கிறாள். ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பெல்லாம் வாபஸ். உன் சிரிப்புக்கும் சேர்த்து வரி கட்டியாயிற்று அக்கா, வந்து சிரி.