நான் பார்க்காத வெள்ளிக்கிழமைப் பகுதி

செய்த தப்புக்காகத் திட்டு வாங்குவதில் எனக்கு வருத்தம் கிடையாது. பழகிப்போய்விட்டது. ஆனால் செய்யாத தப்பைச் செய்ததாக என் சொந்த வாயாலேயே, அதுவும் நாடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அதற்காக இன்றுவரை சொந்த வீட்டிலேயே கிண்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. (இதை எழுதும்போதே எழுத்து கோணலாகப் போகிறது. கோபத்தில்தான், வயதால் அல்ல.)

சில வருடங்களுக்கு முன் ஒரு தவக்காலம். என் கணவர் செபஸ்தி கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரட் பிடிப்பார். அவர் இருமத் தொடங்கினால் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு நாய்கூட எழுந்து வெளியே போய்விடும். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், இப்போதே நிறுத்தினால் தப்பலாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதேன், கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். மனிதர் ஒரு கிழமைக்கு மேல் தாக்குப்பிடித்ததே இல்லை.

விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து மேட்டில் ஏறி வரும்போது, நெற்றியில் சாம்பலோடு அவராகவே வாய் திறந்தார்.

"இந்தா ரீட்டா, நாப்பது நாளைக்கி நான் சிகரட்ட விடுறேன். நீ அந்த நாடகத்த விடு. ஒருத்தர் முறிச்சா மத்தவங்களும் முறிக்கலாம்."

அந்த நாடகம் என்றால் கிழமை நாட்களில் மாலை ஆறரைக்கு வருகிற தொடர். சாரதா என்று ஒரு மருமகள், அவளைப் படாத பாடு படுத்தும் ஒரு மாமியார். மூன்று வருடமாக நான் ஒரு பகுதியும் விட்டதில்லை. சொந்தத் தங்கச்சியின் பெண் பார்க்கும் நிகழ்வைக்கூட ஐந்து மணிக்கே முடிக்கவைத்தவள் நான். இருந்தாலும் அவருடைய நெஞ்சை நினைத்து, சரி என்றேன்.

இதைக் கவனமாக வாசியுங்கள்: நான் ஒரு பகுதிகூடப் பார்க்கவில்லை. ஆறரை ஆனதும் டீவியை மூடிவிட்டுக் குசினிக்குப் போய், தேவையே இல்லாத பாத்திரங்களையெல்லாம் தேய்த்தேன். எங்கள் வீட்டு அலுமினியச் சட்டிகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல ஆகிவிட்டது.

ஆனால் சனிக்கிழமை நான்கு மணிக்கு இன்னொரு நிகழ்ச்சி இருந்தது. அந்த வாரம் நாடகத்தில் நடந்ததைப் பற்றி ஒரு சட்டத்தரணி, ஒரு மனநல ஆலோசகர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அம்மா ஒருவர் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து நேரடியாகக் கலந்துரையாடுவார்கள். நாங்களும் தொலைபேசியில் எடுத்துப் பேசலாம். நான் விட்டது நாடகத்தை. நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை விடுவதாக நான் ஆண்டவரிடமும் சொல்லவில்லை, செபஸ்தியிடமும் சொல்லவில்லை. (இதில் என்ன தப்பு? இன்றைக்கும் கேட்கிறேன்.)

முந்திய சனிக்கிழமைகளில் ஏதாவது வேலை வந்து அதுவும் தவறிப்போனது. முப்பத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. செபஸ்தி கடையில். மகள் டிலானி ரியூஷன் வகுப்பில். நான் டீவிக்கு முன்னால்.

"சாரதா செய்த காரியத்தை மனசாட்சி உள்ள எந்தப் பெண்ணும் செய்யமாட்டாள்" என்றார் அதிபர் அம்மா.

"அந்தச் செயலை நானும் கண்டிக்கிறேன்" என்றார் சட்டத்தரணி.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. சாரதா கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நான் கடைசியாகப் பார்த்த பகுதியில் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் தாய் வீட்டுக்குப் போனால் குற்றமா? அந்த அதிபர் அம்மா ஒரு நாளும் போனதில்லையா? கைத்தொலைபேசியை எடுத்து விடாமல் அடித்தேன். இருபது தரமாவது அடித்திருப்பேன், லைன் கிடைத்துவிட்டது.

"வணக்கம், யார் கதைக்கிறீங்க?" என்றார் கோட் போட்ட அறிவிப்பாளத் தம்பி.

"அம்பிட்டியவுல இருந்து ரீட்டா பேசுறேன். தம்பி, அந்த சோபாவுல இருக்கிறவங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"சொல்லுங்கம்மா, சாரதா செய்தது சரி என்றா சொல்றீங்க?"

"நூத்துக்கு நூறு சரி! நானா இருந்தா மொத வருசமே செஞ்சிருப்பேன்!"

அதிபர் அம்மா கையால் வாயைப் பொத்தினார். உண்மை சுடுகிறது என்று எனக்கு இன்னும் உற்சாகம் வந்தது.

"அந்தப் புள்ள மாமியாருக்கு என்னா கொற வச்சிச்சி? தெனமும் கால்ல எண்ணெ தேச்சி விட்டிச்சே! அந்த எண்ணெப் போத்தல அது கையில எடுத்தாலே மாமியார் மேல எவ்வளவு பாசம்னு தெரியுமே!"

முதலில் சட்டத்தரணிதான் சிரித்தார். பிறகு ஆலோசகர். பிறகு கமராவே ஆடியது. அறிவிப்பாளத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, நேற்றைய பகுதியைப் பார்த்தீங்களா?"

இங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது. பார்க்கவில்லை என்றால், பிறகு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார். தவக்காலம், ஒறுத்தல், சிகரட் என்று எல்லாவற்றையும் சோபாவுக்கு விளக்க முடியுமா? ரோஷம் வந்துவிட்டது.

"பாக்காம இருப்பனா? மூணு வருசமா ஒரு நாள் விடாம பாக்குறேன்! நேத்தும் பாத்தேன்!"

லைன் துண்டிக்கப்பட்டது. சாரதா வெள்ளிக்கிழமை தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்து, மாமியார் இறங்கும் படிக்கட்டில் அதே போத்தல் எண்ணெயை ஊற்றிவிட்டாள் என்பதை, திரையின் கீழே ஓடிய எழுத்தை வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிவு. நான் அதற்கு நூற்றுக்கு நூறு மார்க்ஸ் போட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அடி ஆறு மணிக்கு வந்தது. செபஸ்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசம் வந்தது. சிகரட் வாசம்.

"என்னாங்க இது?" என்றேன். முப்பத்திரண்டு நாள். ஒவ்வொரு நாளையும் நான் கலண்டரில் பேனாவால் வெட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"கடையில டீவி போட்டிருந்தாங்க. ஒன் கொரல கேட்டேன். ஒரு நாள் விடாம பாக்குறியாமே? நீ முறிச்ச, நான் முறிச்சேன்."

"நான் பாக்கலீங்க! மாதா மேல சத்தியமா பாக்கல! பாத்தேன்னு பொய்தான் சொன்னேன்!"

உலகத்தில் வேறு எந்தப் பெண்ணாவது தன் நல்ல பெயரைக் காப்பாற்ற, தான் ஒரு பொய்க்காரி என்று அடித்துச் சொல்லியிருப்பாளா? நான் சொன்னேன், அழுதுகொண்டே.

"சரி சரி, அழாத" என்றார் அவர். "நீ பாக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும். பாத்திருந்தா எண்ணெயப் பத்திப் பேசுவியா? அவதான் நேத்து படியில ஊத்துனாளே."

என் அழுகை டக்கென்று நின்றது.

"அவ ஊத்துனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

செபஸ்தி கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கிழமை நாள்ல ஏழரைக்குத்தான் கடை மூடுறாங்க, அது வரைக்கும் டீவி ஓடுது. சிகரட்டும் இல்லாம மனுசன் என்னா செய்யிறது? முப்பத்திரெண்டு நாளா நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

எவ்வளவு அநியாயம் பாருங்கள். நான் குசினியில் சட்டி தேய்க்கிறேன், என் நாடகத்தை இவர் பார்க்கிறார். நான் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டே, நான் பார்த்ததாகச் சாட்டுச் சொல்லிச் சிகரட் பிடிக்கிறார்! அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஹந்தானை மலை வரைக்கும் கேட்டிருக்கும். பாதியோடு எறிந்ததாகவும், இருமல் வந்து இழுக்கவே முடியவில்லை என்றும் அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கலண்டரைக் கழற்றி அவர் மடியில் போட்டேன். மறுநாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று புதிதாக வெட்டினோம். உயிர்த்த ஞாயிறு கடந்தும் வெட்டுவதை நிறுத்தவில்லை.

இப்போது இருமல் இல்லை, நாயும் வீட்டுக்குள்ளேயே படுக்கிறது. ஆனால் நான் செய்தியைப் பார்த்து அரசியல்வாதியைத் திட்டினாலும், கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னாலும், டிலானி உடனே கேட்பாள்: "அம்மா, நேற்றைய பகுதியைப் பார்த்தீங்களா?"

அதைக்கூட மன்னித்துவிடலாம். போன மாதம் டவுனுக்குப் போனபோது, கடையின் பின்வாசலில் சிகரட் பிடித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கு நடுவில் இவர் வெறுங்கையோடு நின்று, மூக்கை நன்றாக விரித்து மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அசையவேயில்லை.

"நான் குடிக்கல ரீட்டா," என்றார், "குடிக்கிறவங்களோட கலந்துரையாடுறேன்."