ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது ரேடியேட்டர்

பஸ்ரா,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் முன்திர் அவர்களுக்கு,

உம்மீதும் உம் வீட்டார்மீதும் சாந்தி நிலவட்டும். உம் அக்காள் நஜாத் நலம், நானும் நலம். நலமில்லாதது எங்கள் மகள் ஷதாவின் கம்ப்யூட்டர் ஒன்றுதான். போனில் பேசினால் நடுவில் புகுந்து பாடம் எடுப்பீர் என்பதால், மோசூல் போகிற டாக்சிக்காரர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்துக்குள் உம்மால் புக முடியாது பாரும்.

விஷயம் உமக்குத் தெரிந்ததுதான். ஷதா கல்லூரிக் கடைசி ஆண்டுக்கு ஒரு பாலம் வரைந்திருக்கிறாள். அதன்மேல் கார்கள் போவதுபோல் படமாக்கி வியாழனன்று கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. கம்ப்யூட்டரோ கொதித்துக் கொதித்து அணைகிறது. கம்ப்யூட்டர் வாத்தியாராகிய நீர் திருவாய் மலர்ந்தீர்: தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்க வேண்டுமாம், இரண்டு ரேடியேட்டர் போதுமாம், கணக்குப் போடும் சில்லுக்குப் பிறகு ஒன்று, படம் போடும் அட்டைக்குப் பிறகு ஒன்று, வரிசை பிசகினால் குடி முழுகுமாம். முப்பது வருடமாகக் கார் ரேடியேட்டர் பற்றவைத்துப் பிழைக்கிறவனிடம் சொல்கிறீர். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறீரே ஐயா. எனக்குப் படிப்பு ஆறாவதோடு சரி, ஆனால் தண்ணீரைத் தெரியும். சுற்றிச் சுற்றி ஓடுகிற தண்ணீருக்கு முன்னேது, பின்னேது? எங்கே தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சூடுதான். அதனால் இரண்டையும் பெட்டிக்கு மேலே அடுத்தடுத்து வைத்தேன். அது மட்டுமா, உம் கஞ்சத்தனத்துக்குப் பதிலாக, ஒரு வேனிலிருந்து கழற்றிய பெரிய ரேடியேட்டரைக் கழுவி மூன்றாவதாகச் சேர்த்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டேன். காரில் அது எங்கே இருக்கிறது? முன்னால், காற்றில். நாலு சுவருக்குள் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவருக்குக் காற்றின் அருமை எங்கே தெரியப்போகிறது?

அதற்கப்புறமும் கம்ப்யூட்டர் விடியற்காலையில் சமர்த்தாக ஓடுகிறது, காலை பதினொரு மணி ஆனால் படுத்துவிடுகிறது. நீர் வாங்கச் சொன்ன பம்புதான் சோம்பேறி என்று மாற்றினேன். குழாயை மாற்றினேன், அது கம்பளம் முழுக்க ஒழுகியது, உம் அக்காள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கம்பளமே காய்ந்துவிட்டது. நனைந்த உடம்போடு குளிக்கப் போனால் மாடித் தொட்டித் தண்ணீர் தோலை உரிக்கிறது. கதவுக்கு வெளியிலிருந்து ஷதா, "பாபா, கோடையில வீட்டுக்குள்ள அணைச்சுப்போட்ட கீஸர்ல ஆறிக் கிடக்கிற தண்ணிதானே நமக்குப் பச்சத்தண்ணி? குழாய் தண்ணியத் தொடுவாங்களா?" என்றாள். பஸ்ராவில் பிறந்தவனுக்கு இதை மகள் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவு குழம்பிப்போயிருக்கிறேன். பிள்ளை மூன்று நாளாக ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைக்கிறாள். அவள் வருடம் போனால் அந்தப் பாவம் உம் தலையில்தான். உம்மிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் என் ஆழ்ந்த அனுதாபம்.

உம் மனைவி மக்களுக்கு என் அன்பு. இறைவன் உமக்கு நீண்ட ஆயுளும் குறைந்த பேச்சும் அருளட்டும்.

இப்படிக்கு,
அபூ ஷதா

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது ஷதா தேநீரோடு வந்து, தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள்.

"பாபா, மாடித் தொட்டித் தண்ணி ஏன் கொதிக்குது?"

"வெளியில ஐம்பது டிகிரி வெயில் அடிக்குது, கொதிக்காம?"

"ஜன்னலுக்கு வெளியில நீங்க தொங்கவிட்டது மட்டும் நிழல்ல ஊஞ்சலா ஆடுது?"

நான் தேநீரைக் குடித்தேன். ஊர் வெயிலையெல்லாம் குழாய் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து கம்ப்யூட்டர் தலையில் ஊற்றியிருக்கிறேன். நான் எழுத உட்கார்ந்தபோதே அவள் அந்த மூன்றாவதைக் கழற்றிவிட்டாளாம். இந்தக் கடிதம் எழுத எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. இந்த உச்சி வெயிலிலும் இரண்டே ரேடியேட்டரோடு கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை, பாலத்தில் பாதிக் கார்கள் போய்விட்டன. டாக்சிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார், திருத்தி எழுத நேரமில்லை. மேலே உள்ளதில் வரிசையைப் பற்றி நான் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்துவிடும். முக்கியமாக, முதலில் பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கடிதத்தைப் பிரிக்கவும்.