தவ்வு மீனுக்கு மட்டும் அனுமதி

வாழையிலையைக் குழலாகச் சுருட்டி, கழுவிய அரிசியைப் பாதி வரை போட்டு, இரண்டு முனையையும் ஈர்க்குச்சியால் குத்தி மூடினாள் லஸ்திரி. விடிந்ததும் விற்க வேண்டிய லொந்தோங், இலையில் வேகும் சோற்றுக் கட்டி. எண்ணெய்ப் புட்டியில் சாய்த்து வைத்த போனில், பிராணிச் சண்டை விளையாட்டில், அவளுடைய தூங்கு நத்தை எதிராளியின் புலியைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. புலி கண்ணை மூடியதும் ஈரம் படாத சுண்டுவிரலால் திரையைத் தட்டினாள். புலி போச்சு.

இந்தோனேசியாவில், செமாராங்கின் அந்தச் சந்தில், பிள்ளை பேரை வைத்து அவள் பன்யு அம்மா. கல்யாணமாகி வந்ததிலிருந்து லஸ்திரி என்று அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. கூச்சத்தில் அவளும் சொன்னதில்லை. ஆனால் ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர நாள் போட்டியில் ஜெயிப்பவர் பேரை மைக்கில் மூன்று தடவை சொல்வார்கள். இந்த வருஷம் சாக்கு ஓட்டத்தோடு போன் பிராணிச் சண்டையும் உண்டு. ஒரே ஒரு வருஷம் தன் பேர் அந்த மைக்கில் வரட்டும் என்று அவளுக்கு ஆசை.

பழகிப் பார்க்க, முதலில் அந்த விளையாட்டை உண்டாக்கிய கம்பெனியே பெரிய கடைவீதியில் நடத்தும் போட்டிக்குப் போனாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த மேசைக்காரர் நத்தையைப் பரிசீலித்தார்.

"நத்தை செல்லும்மா. ஆனா இது போன வருஷம் பொறந்தது."

"இந்த வருஷத்து நத்தை வேற மாதிரி இருக்குங்களா?"

"அதே ஓடு, அதே கொம்பு, அதே தாலாட்டு. பொறந்த வருஷம்தான் வேற."

ஏன் என்று கேட்டாள். விதியின் எண்ணைச் சொன்னார்.

இந்த மாதிரி அநியாயங்களை ஒழிக்கத்தான் சந்தில் மக்கள் விதிக் குழு பிறந்திருந்தது. தலைவர் டானாங், போன் ரீசார்ஜ் கடைக்காரன். கம்பெனி ஒரே நேரத்தில் இரண்டிரண்டு பிராணியை மோதவிட்டது. குழு ஒண்ணுக்கு ஒண்ணு என்றது. கம்பெனி கடிகாரம் வைத்தது; சிந்தனைக்குக் கெடு வைக்கலாகாது என்று குழு அதை நீக்கியது. கம்பெனி யாரையும் கேட்காமல் நினைத்தபோது விதியை மாற்றியது. குழு வெள்ளிக்கிழமைதோறும், தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, மாற்றியது.

குழு பிறந்த வருஷம் கேட்கவில்லை என்பதே லஸ்திரிக்கு நிம்மதி. எதிராளியின் பிராணிகளில் ஒன்றைத்தான் தூங்க வைக்கலாம் என்றார்கள். ஒன்றையே தூங்க வைத்தாள். அப்படியும் ஜெயித்தாள். டானாங் திரும்பத் திரும்ப அவளிடம் தோற்றான். தோற்கத் தோற்க இது தன் சொந்தப் பிரச்சினை அல்ல, விளையாட்டின் ஆரோக்கியம் சம்பந்தப்பட்டது என்பது அவனுக்குத் தெளிவாயிற்று.

நத்தையைத் தடை செய்வதா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களிக்கத் தகுதி வேண்டும்; தகுதிக்குப் பல ஆட்டம் ஜெயிக்க வேண்டும்; ஜெயிக்கச் சுலபமான வழி நத்தை. ஆகவே நத்தை வேண்டாம் என்று சொல்ல ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு நத்தை பிடித்தார்கள். பிறகு டானாங் அறிக்கை வாசித்தான்: எங்கு பார்த்தாலும் நத்தையாக இருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நத்தை போயிற்று. நத்தைக்குப் பயந்து பதுங்கியிருந்த நண்டு மறுநாளே தலைதூக்கியது. நண்டைத் தடை செய்தார்கள். நண்டு இல்லாத தைரியத்தில் கொக்கு கிளம்பியது. ஆகஸ்ட் பதினேழு வந்தபோது மிச்சம் இருந்தது தவ்வு மீன் ஒன்றுதான். அதற்குத் தவ்வ மட்டும் தெரியும். அதனிடம் யாரும் தோற்றதில்லை என்பதால் அதன்மேல் புகார் இல்லை.

இறுதி ஆட்டம் டானாங்கின் தவ்வு மீனுக்கும் லஸ்திரியின் தவ்வு மீனுக்கும். இரண்டும் தவ்வின. கடிகாரம்தான் கிடையாதே. கூட்டம் சாக்கு ஓட்டம் பார்த்துவிட்டு வந்தது, மீன்கள் தவ்விக்கொண்டிருந்தன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது லஸ்திரிக்குப் புதிதல்ல. மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டே திரையையும் தட்டினாள். பொழுது சாய்கையில் டானாங்கின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

அணைந்தால் தோல்வியா? மக்கள் விதியில் வழியில்லை. குழு தனியாகக் கூடி, யாருக்கும் தெரியாமல் கம்பெனி விதியைப் புரட்டியது. அணைந்தவர் தோற்றவர் என்றிருந்தது. அதை எடுத்து, மக்கள் விதி என்று பேர் வைத்து, ஏகமனதாக நிறைவேற்றியது.

"அக்கா, மைக்கில சொல்லணும், உங்க பேரு?" என்றான் டானாங்.

குனிந்துகொண்டே சொன்னாள். மூன்று தடவை அலறியது மைக். மூன்றாவது தடவை அவள் தலையை நிமிர்த்தினாள்.

ஜெயித்தவர் குழுவில் உறுப்பினர் என்று ஒரு விதி இருந்தது. பொறுப்பேற்றதும் லஸ்திரி செய்த முதல் காரியம் நத்தையை விடுவித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாவது காரியத்துக்கு வேளை வரச் சில நாள் ஆயிற்று. தண்ணீர் கேன் போடும் கினாந்தி என்ற பெண் ஒரு கம்பளிப்புழுவை வைத்து அந்த நத்தையை விடாமல் தோற்கடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் லஸ்திரி வீட்டிலேயே நடந்தது. அவள் இலை சுருட்டியபடி பேசினாள். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவமே கிடையாது. விளையாட்டோட ஆரோக்கியம்னு ஒண்ணு இருக்குல்ல."

டானாங் பக்தியோடு தலையாட்டினான். "புழுவ எந்த விதில தூக்குறது, அக்கா? நம்ம விதிப்படி அது சுத்தமா இருக்கு."

அவள் ஈர்க்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். அதற்குள் பின்கட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"பன்யு அம்மா, அடுப்புல தண்ணி வத்திப்போச்சு."

எழுந்து ஓடியவள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நான் வர்றதுக்குள்ள, அந்தப் புழு எந்த வருஷம் பொறந்ததுன்னு கொஞ்சம் பாத்து வையுங்க."